நடுவில் ஆளில்லாத பேச்சு



நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நின்ற 'ரஜுலா' கப்பலுக்குப் படகில் போய் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. நாகூரிலும் திட்டச்சேரியிலும் இன்று கடல் கடந்து பிழைக்கப் போனவர் இல்லாத தெரு அரிது. போனவர்களின் பெற்றோர் பலர் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அந்தப் பெற்றோருக்குச் சேதி எப்போதும் யாரோ ஒருவர் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. எழுத்து தெரியாத வீட்டில் தபால்காரரே கடிதத்தை உடைத்து, வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். பதிலையும் அவரோ பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையோ எழுதுவார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் பேச்சைக் கேசட்டில் பதிவுசெய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதைக் கேட்க டேப் ரெக்கார்டர் உள்ள வீட்டைத் தேடிப் போக வேண்டும். பிறகு பி.பி. நம்பர் வந்தது. போன் இருப்பது மளிகைக்கடைக்காரர் வீட்டில், அழைப்பு நமக்கு. "சிங்கப்பூர்லேருந்து போன்!" என்று தெருவே கூப்பிடும். எஸ்.டி.டி. பூத்தில் நம்பரைச் சுற்றிக் கொடுக்கவும் ஒருவர் இருந்தார். மீட்டரில் ஏறும் காசைப் பார்த்துக்கொண்டே பேச்சை முடிப்பார்கள்.

பி.பி. போனில் ஒரு தாய் என்னதான் சொல்லிவிட முடியும்? கூடத்தில் அந்த வீட்டார் அத்தனை பேரும் இருக்கும்போது, கடனைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ வாய் திறக்க முடியாது. "நல்லா இருக்கேன், நீ நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிடுவார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பும் வந்தது. நடுவில் இருந்த ஆள் போய்விட்டார். தாயும் மகனும் நினைத்த நேரத்தில் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கூம் பிரிவை நேரிலேயே அறிந்தவர். 1992-இல் தாயோடும் பாட்டியோடும் உக்ரைனிலிருந்து அமெரிக்கா போனவர் அவர். தந்தை உக்ரைனிலேயே தங்கி, 1997-இல் இறந்துபோனார்.

ஆனால் நடுவில் இருந்த ஆளோடு, அவர் செய்துவந்த உதவியும் போய்விட்டது. தபால்காரர் வாசலில் உட்காருவார். பூத்துக்காரர் மூன்று தடவை சுற்றிப் பார்ப்பார். இன்றைய மகனோ பெட்டியைப் பிரித்து, சிம்மைப் போட்டு, "எல்லாம் ஏத்திட்டேம்மா, பச்சையைத் தொட்டா போதும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறான். பச்சை எங்கே இருக்கிறது, தொட்டால் ஏன் வேறெதோ திறக்கிறது என்பதெல்லாம் அம்மாவின் பாடு.

வேறெதோ திறப்பதற்குக் காரணம் உண்டு. பட்டன் போனில் பழகிய விரல் அழுத்திப் பிடிக்கும். தொடுதிரை அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு வேறொரு பட்டியலைத் திறந்துவிடும். நடவிலும் களையெடுப்பிலும் காய்த்துப்போன, வயதில் உலர்ந்த விரல் நுனியைத் திரை பல நேரம் உணர்வதே இல்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழாமல் திரும்பி வருகிற அதே விரல்தான். அதனால் இவர்களுக்குக் கைரேகைப் பூட்டு வேண்டாம். எழுத்து அளவைப் பெரிதாக்கி, முகப்பில் நான்கு பேரின் படங்களை மட்டும் வைத்து, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிடலாம். விரலைத் துணியில் துடைத்து, லேசாக ஈரப்படுத்தித் தொடச் சொன்னால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது? தட்டச்சு வேண்டாம். வீடியோ அழைப்பும் பிறகு இருக்கட்டும். குரல் செய்திதான் முதல் பாடம். 2013-இல் வந்த வசதி அது. மைக் படத்தின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் பேசி, பேசி முடித்ததும் எடுத்தால் செய்தி போய்விடும். அழுத்திப் பிடிக்கும் பழைய பழக்கம் இங்கே குற்றமாகாது, அதுதான் தேவை. நீளமாகப் பேசுகிறவர் விரலை மேலே நகர்த்தினால் பூட்டிக்கொள்ளும். கையை எடுத்துவிட்டுப் பேசலாம். கேசட்டில் பேசி அனுப்பிய தலைமுறைக்கு இது புதிதும் இல்லை.

நேர வித்தியாசமும் இதில் தொல்லை தராது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. துபாயில் மகன் இருக்கிற வீடுகளுக்கு இன்னொரு சேதி: ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு இருக்கிறது. அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு, "புள்ள எடுக்க மாட்டேங்கிறான்" என்று மனம் நொந்துபோன தாய்மார்கள் எத்தனை பேரோ! குரல் செய்தி அங்கேயும் போகும். இதை அவன் கிளம்பும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

காலை வணக்கப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாமரை, விளக்கு, வேளாங்கண்ணி மாதா, நாகூர் மினாரா என்று தினமும் விடியும்முன் வந்து விழும் படங்களைக் கண்டு பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். இந்தியர்களின் போன்கள் இந்தப் படங்களால் நிரம்பி வழிவது 2018-இல் அமெரிக்கப் பத்திரிகையில் செய்தியானது. சிரிக்கலாம். ஆனால் தனியே இருக்கும் எழுபது வயதுக்காரர் அனுப்பும் தாமரைக்கு அர்த்தம் "இன்னைக்கும் எழுந்துட்டேன்" என்பதுதான். படம் வராத காலையில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு அது தெரியும். இடம் அடைத்தால் பழைய படங்களை மாதம் ஒருமுறை அழித்துக் கொடுத்தால் போயிற்று.

பயப்பட வேண்டியது வேறொன்று. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு வந்திருந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாடெங்கும் இப்படி நடந்த பிறகு, அந்த ஜூலையில்தான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. இரட்டை அம்புக்குறியோடு வருகிற செய்தி பல கை மாறி வந்தது. யார் எழுதியது என்று அனுப்பியவருக்கே தெரியாது. அந்தக் குறியைக் காட்டிக் கொடுத்தால் பெரியவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஊரில் வதந்தி எப்படிப் பரவும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

காசு பறிக்கிறவர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள். கல்யாணப் பத்திரிகை என்று, செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பு ஒன்று வரும். தொட்டு நிறுவிவிட்டால் போனே அவர்கள் கைக்குப் போய்விடும். வீடியோவில் போலீஸ் உடுப்போடு ஒருவன் தோன்றி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. இந்த இடத்தில் பிள்ளைகளின் கோபம் பெரிய இடைஞ்சல். "ஏம்மா அதைத் தொட்டே?" என்று ஒருமுறை கத்திவிட்டால், அடுத்த முறை ஏமாந்தாலும் அம்மா சொல்ல மாட்டார். பணம் போன உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால் அதை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. வாய் திறக்கப் பயந்து ஒரு நாள் கழிந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

போன் கைகொடுத்த கதையும் இந்தக் கடற்கரையில் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டில் ஒரு போன் மணி அடித்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் மீனவர் மகன், செய்தியில் கேட்டதைத் தன் வீட்டாரிடம் சொன்னார். ஊரின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. சுமார் 3,600 பேர் கரையை விட்டு விலகிப் பிழைத்தார்கள்.

போன் ஓய்ந்துபோன நாட்களும் இருந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மின்கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. போனில் எல்லா நம்பரும் இருந்தும் ஒன்றும் மனப்பாடம் இல்லாமல் தவித்தவர்கள் அதிகம். ஆகவே நான்கைந்து நம்பர்களைத் தடித்த எழுத்தில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்லது. வாட்ஸ்அப் அவ்வப்போது கேட்கும் ஆறு இலக்கப் பின் நம்பரை அங்கே ஒட்டாமல், பீரோவுக்குள் எழுதி வைக்கலாம்.

விடுப்பில் வரும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கடைசியாக ஒன்று. சொல்லிக்கொடுக்கும்போது போன் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். "குடுங்க இப்படி" என்று வாங்கி, தானே நான்கு தட்டுத் தட்டிக் காட்டினால் கண்தான் பார்க்கும், விரல் பழகாது. ஊரில் இருக்கும்போதே திண்ணைக்கோ கொல்லைக்கோ போய், அங்கிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கலாம். முதலில் வருவதில் மின்விசிறிச் சத்தமும், "டேய், இது போவுதா?" என்ற கேள்வியும் மட்டும்தான் இருக்கும். அதற்கும் உடனே பதில் போக வேண்டும்: "போவுது அப்பாயி, சொல்லுங்க."