மலிவான ராட்செட் ஸ்பானர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?



பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர் இல்லங்களில், ஆயுதபூஜையன்று மட்டும் சந்தனமும் குங்குமமும் பெறுகிற கருவிகள் சில உண்டு: ஒரு சுத்தியல், ஒரு குறடு, ஒரு திருப்புளி. ஆனால் வேலை ஆண்டு முழுவதும் இருக்கிறது. மாற்றல் உத்தரவு வந்தால் கட்டிலைக் கழற்றவேண்டும்; கோடை வந்தால் கூலரின் தாங்கியை இறுக்கவேண்டும்; ஸ்கூட்டர் பாட்டரியின் முனைகளைத் துலக்கவேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் கூலியாள் தேடுவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவேதான், சில நூறு ரூபாய்க்கே கடைகளில் கிடைக்கும் ராட்செட் ஸ்பானரின் தகுதியை இன்று சிறிது ஆராய விழைகிறேன்.

இக்கருவியின் தத்துவம் நமக்குப் புதியதன்று. மிதிவண்டியை ஓட்டுகையில் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தில் ‘டிக் டிக்’ என்று ஓர் ஒலி கேட்கிறதல்லவா? ஒரு பற்சக்கரத்தின் மீது நாக்குப் போன்ற சிறு எஃகுத் துண்டு சறுக்கிச் செல்லும் ஒலியே அது. ஒரு திசையில் பல்லைக் கவ்வும். மறு திசையில் வழுக்கி விடும். ராட்செட்டின் தலைக்குள்ளும் இதே அமைப்புத்தான். ஆகையால் ஸ்பானரை ஒவ்வொரு தடவையும் எடுத்தெடுத்து மாட்டாமல், கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தே நட்டைக் கழற்றிவிடலாம். இடுக்கான இடங்களில் இதன் அருமை தெரியும்.

கைப்பிடி ஒன்று, அதில் மாட்டத்தக்க சாக்கெட்டுகள் பல என்னும் முறையை வாணிகத்தில் நிலைநாட்டியவர்களுள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜோசப் ஜான்சன் குறிப்பிடத்தக்கவர். 1920ஆம் ஆண்டில் ஐந்து கைப்பிடிகளும் பத்துச் சாக்கெட்டுகளும் ஐம்பது ஸ்பானர்களின் வேலையைச் செய்யும் என்று கூறி அவர் விற்பனையைத் தொடங்கினார். இன்று நம் நாட்டிலும் ஜலந்தர், லூதியானா முதலிய ஊர்களில் கைக்கருவிகள் ஏராளமாக உற்பத்தியாகின்றன. மும்பையின் நாக்தேவி வீதி, தில்லியின் சாவ்ரி பஜார் போன்ற கடைத்தெருக்களில் ‘கோட்டி பானா’ என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ராட்செட்டுக்குத் தூய தமிழ்ச்சொல் தேடிக்கொண்டு கடைக்காரர் முன் நிற்பதைவிட, அவர் வழங்கும் சொல்லை அறிந்துகொண்டு போவது நலம்.

மலிவாக விற்பனையாவது பெரும்பாலும் 46 உருப்படிகள் அடங்கிய சிறு பெட்டி. அதன் சதுர முனை கால் அங்குலம். சாக்கெட்டுகள் பொதுவாக 4 முதல் 14 மில்லிமீட்டர் வரை. எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. அதில் பாதிக்கும் மேற்பட்டவை திருப்புளி முனைகளும் அவற்றைப் போன்ற சிறு துண்டுகளுமே. கடையிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனைகள் சில உள.

முதலாவதாக, சதுர முனையை விரல்களால் பிடித்துக்கொண்டு கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒலியை எண்ணுங்கள். 24 ஒலி கேட்டால் ஒவ்வோர் அடிக்கும் குறைந்தது 15 பாகை அசைவு தேவை. 72 கேட்டால் 5 பாகையே போதும். எனினும் பற்கள் மிகுந்தால் ஒவ்வொரு பல்லும் சிறுத்துவிடும். நல்ல எஃகும் செம்மையான அமைப்பும் இல்லாத இடத்தில் நுண்ணிய பல் ஒரு சிறப்பாகாது.

இரண்டாவதாக, சாக்கெட்டை இரு விரல்களால் மெல்லப் பிடித்துக் கைப்பிடியைப் பின்னோக்கி அசையுங்கள். சாக்கெட்டும் கூடவே திரும்பினால், தளர்ந்த நட்டைக் கழற்றுகையில் அதுவும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேயிருக்கும், வேலை ஓடாது.

மூன்றாவதாக, திசை மாற்றும் சிறு நெம்பு உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். அது தானே நடுவில் வந்து நின்றால் பல் நழுவும். அழுத்திய கை சென்று இரும்பில் மோதும். விரல்முட்டி கிழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

நான்காவதாக, 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய்ச் சாக்கெட்டில் பொருத்திப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் வேண்டாம். உட்புறம் ஆறு முகங்கள் கொண்ட சாக்கெட்டே நமக்கேற்றது. பன்னிரண்டு முகங்கள் கொண்டது, தேய்ந்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடக்கூடும். ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருப்பது மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது. முலாம் உரிந்து நிற்பதை ஒதுக்குங்கள். அதன் விளிம்பு கையைக் கீறும்.

இனி, வேலையின் எல்லையைப் பார்ப்போம். இப்பெட்டியிலுள்ள கைப்பிடியின் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அதன் நுனியில் 20 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தால் கிடைக்கும் திருகுவலிமை 3 கிலோகிராம் மீட்டர். கட்டில், கூலர், நாற்காலி, பாட்டரி முனை ஆகியவற்றுக்கு இது தாராளம். சிறு கார்களின் சக்கர நட்டுக்கோ ஏறத்தாழ 10 கிலோகிராம் மீட்டர் தேவை. அந்த நட்டின் அளவும் 14 மில்லிமீட்டரைக் கடந்தது. கைப்பிடியில் குழாயை மாட்டி நீட்டினால் வலிமை கூடும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சுமை முழுவதையும் தாங்குவது தலைக்குள்ளிருக்கும் ஓரிரு பற்களே. அவை ஒடிந்தால் இழப்பு கருவியோடு நில்லாது, கையையும் சேரும். துருவேறி இறுகிய நட்டை முதலில் ரிங் ஸ்பானரால் தளர்த்துங்கள். பிறகு ராட்செட்டால் கழற்றுங்கள். கூடியவரை தள்ளாமல், நம்மை நோக்கி இழுப்பதே பாதுகாப்பு.

காரின் பாட்டரியைக் கழற்றுகையில் எதிர்முனையை முதலில் விடுவியுங்கள். நேர்முனையில் இருக்கும் ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்டால், எதிர்முனை இணைந்திருக்கும் வரை, பெருந்தீப்பொறி எழும்.

முடிவாகச் சொன்னால், இச்சோதனைகளில் தேறிய மலிவு ராட்செட், வீட்டு வேலைக்குக் கொடுத்த பணத்துக்குக் குறையில்லாத கருவி. சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் அரை அங்குல முனையுள்ள தரமான ஒன்றைத் தனியே வாங்குவதே சிக்கனம். ஆண்டுக்கொருமுறை பொட்டிடும்போது, துடைத்து ஒரு துளி எண்ணெயும் இடுங்கள். அடுத்த மாற்றலிலும் அது நம்முடன் வரும்.