மருந்தின் தரமும் கல்லூரி ஆசிரியரும்

1998ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை தில்லியின் இரு மருத்துவமனைகளில் 36 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் சேர்க்கப்பட்டனர். 33 குழந்தைகள் உயிரிழந்தனர். அவர்கள் அருந்திய இருமல் மருந்தில் டையெத்திலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. 1972இல் சென்னையிலும், 1986இல் பம்பாயிலும் இதே நஞ்சு உயிர்களைப் பறித்திருந்தது. 2025இல் தமிழ்நாட்டில் தயாரான இருமல் மருந்தை உட்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர்.

மருந்துகளில் முறையாகச் சேர்க்கப்படும் கிளிசரினைப் போலவே இந்நஞ்சும் நிறமற்றது, இனிப்பானது, விலையும் குறைந்தது. கண்ணோ நாவோ இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே வழி. அச்சோதனையைச் செய்யும் கை பயிற்சி பெறும் இடம் மருந்தாக்கவியல் கல்லூரி. எனவே அக்கல்லூரியில் பணிபுரிவோரைப் பற்றிய சிந்தனை பொதுமக்கள் நலனைப் பற்றிய சிந்தனையே ஆகும்.

கர்னல் சோப்ரா தலைமையில் 1930இல் அமைந்த மருந்து விசாரணைக் குழு, தரமற்ற மருந்துகள் பெருகியிருந்ததை எடுத்துரைத்ததோடு, மருந்தாளுநர்க்கு முறையான கல்வி வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் அக்கல்விக்கு வித்திட்டார். மருந்துச் சட்டம் 1940இலும், பார்மசிச் சட்டம் 1948இலும் பிறந்தன. சட்டத்திற்கு முன்பே ஆசிரியர் வந்துவிட்டார் என்பது கருதத்தக்கது.

தலைநகரில் 1964இல் தொடங்கிய மருந்தாக்கவியல் கல்வி, புஷ்ப விஹாரில் கல்லூரியாக வளர்ந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 2015இல் அங்குத் தனிப் பல்கலைக்கழகமும் உருவாயிற்று. ஹக்கீம் அப்துல் ஹமீது நிறுவிய ஜாமியா ஹம்தர்தும் தில்லியில் இத்துறைக்குப் பெயர் பெற்றது.

இத்தகைய கல்லூரியில் மருந்து வேதியியல் ஆசிரியர் தூய்மையைச் சோதிக்கக் கற்பிக்கிறார். மருந்தியல் ஆசிரியர் உடலில் மருந்து செயற்படும் விதத்தை விளக்குகிறார். மூலிகை மருந்தறிவியல் ஆசிரியர் போலி வேரையும் உண்மை வேரையும் நுண்ணோக்கியில் காட்டுகிறார். இவர்களுக்குப் பின்னே பெயர் அறியப்படாத பணியாளர் பலர் உள்ளனர். தராசைச் சரிபார்த்துக் கரைசல்களைத் தயாரிக்கும் ஆய்வக உதவியாளர், சோதனை விலங்குகளைப் பேணுபவர், மூலிகைத் தோட்டக்காரர், இருப்பறைக் கணக்கர் ஆகிய இவர்களுள் ஒருவர் தவறினும் செய்முறைப் பாடம் பொய்த்துவிடும். பிழைபட்ட கரைசலைக் கொண்டு சரியான விடை காண இயலாதன்றோ?

செய்முறை வகுப்பில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது பார்மசி கவுன்சில் வகுத்த அளவு. அளவு ஏட்டில் மட்டும் நின்றால், மாணவர் சோதனையைத் தாமே செய்யாமல், அருகிருப்பவரின் முடிவைப் பார்த்து எழுதக் கற்றுக்கொள்வர். செய்யாத சோதனைக்கு முடிவெழுதும் இப்பழக்கம், பின்னாளில் தொழிற்சாலைக்குச் சென்றால் விளைவு என்னவாகும் என்பதை மேற்கூறிய நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போர் உணர்வர்.

பணியிடம் ஒன்று நிரப்பப்படாவிடில் மிச்சமாகும் ஊதியம் கணக்கில் தெரியும். அதனால் நேரும் இழப்பு எக்கணக்கிலும் தெரியாது. அலுவலர்கள் காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்புவதும், ஆய்வகப் பணியாளர்க்குத் தொடர்ந்து பயிற்சி அளிப்பதும் இன்றியமையாதன. மாணவர்களோ, தாம் செய்த சோதனைக்கு மட்டுமே கையொப்பமிடுவது என்னும் உறுதியைக் கல்லூரியிலேயே மேற்கொள்ள வேண்டும். அக்கையொப்பத்தை நம்பியே ஒரு தாய் தன் குழந்தைக்கு மருந்தை ஊட்டுகிறாள்.