கூரையும் முகவரியும்



வீடற்றோரை வாட்டுவது வெயிலும் மழையும் மட்டுமன்று, முகவரியின்மையுமாகும். நகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் காப்பக வசதி வேண்டுமென 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் நெறி வகுத்தது. சென்னை மாநகராட்சி அத்தகைய காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்களின் துணையோடு நடத்துகிறது. தங்குவோர்க்குக் குடும்ப அட்டை, மருத்துவம், பள்ளிச் சேர்க்கை ஆகியன கிட்டச் செய்வதும் அந்நெறியில் அடங்கும்.

ஆயினும், நடைபாதைக் குழந்தை தானே பள்ளி தேடி வருமா? வயதுச் சான்றில்லையென்று எக்குழந்தைக்கும் சேர்க்கை மறுத்தலாகாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் நாம். வெளியே நிற்பதன் வலி நாமறிவோம். ஆளுக்கொரு குழந்தையைக் கைப்பிடித்துப் பள்ளி வாயிலுக்கு அழைத்து வருவோம்.