லேத் முன்னால் நிற்பவர்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் போனால் லேத் பட்டறைச் சத்தம் காதில் விழும். பம்ப், மோட்டாருக்கான ஷாஃப்டுகள் இப்படிப்பட்ட பட்டறைகளில் கடைசல் பிடிக்கப்படுகின்றன.

ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் இருக்கிறதே, அங்கே ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு குறைந்தாலே பேரிங் தளர்ந்துவிடும். கூடினால் இறுகிச் சூடேறும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான வித்தியாசம் இது!

கணினி இயக்கும் சிஎன்சி லேத் வந்துவிட்டதே, பட்டனைத் தட்டினால் போதாதா என்பார்கள். போதாது. ஓட ஓட டூல் முனை தேயும். ஷாஃப்டின் விட்டம் மெல்லக் கூடும். மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த வித்தியாசத்துக்கேற்ப மெஷினில் டூல் ஆஃப்செட்டைத் திருத்த ஆள் வேண்டும். நல்ல ஆபரேட்டர் அளப்பதற்கு முன்பே, மாறும் சத்தத்திலும், விழும் இரும்புச் சுருளின் நிறத்திலும் தேய்மானத்தைக் கண்டுகொள்வார். அளப்பதிலும் அவசரப்பட மாட்டார். வெட்டிய சூட்டில் இரும்பு விரிந்திருக்கும். ஆறினால்தான் சரியான அளவு தெரியும்.

ஷாஃப்டைப் பிடித்துச் சுழலும் சக் பக்கத்தில் அவர் கையுறை போடுவதில்லை. துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். வெறுங்கையோடு, முழுக் கவனத்தோடு நிற்கும் அவரைத் தொழிலாளி என்பதைவிடக் கைவினைஞர் என்றே சொல்வேன்.

இந்த லேத் வேலையைக் கற்றுத்தரும் டர்னர் படிப்பு ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு. பத்தாம் வகுப்பு முடித்த மகனோ மகளோ வீட்டில் இருந்தால், விசாரித்துப் பாருங்கள்.