உப்பில்லாக் கீரையும் உறவும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விருந்தோம்பல் என்றதும் நம் நினைவு ஊனும் நெய்யும் மணக்கும் வள்ளல்களின் அவைக்கே செல்கிறது. இன்று உங்களை எளிய அடுக்களைகள் இரண்டிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

குறுந்தொகை 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஓர் இளமனைவியைக் காட்டுகிறார். அவள் தன் விரலாலேயே தயிர் பிசைகிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது. ஆக்கியது ஒரு புளிக்குழம்பு. கணவன் அதனை இனிதென்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவ்வளவே. அந்த இல்லறம் நிறைவானது என்பதற்குச் செவிலி வேறு சான்று தேடவில்லை.

மற்றொன்று, சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் பாணன் குடில். பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். புறங்கூறுவோர் காண நாணிக் கதவை அடைக்கிறாள். பின் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். வறுமையை ஊருக்கு மறைத்தவள் உறவுக்கு மறைக்கவில்லை. நம் வெறுஞ்சோற்றை யார்முன் நாணாமல் வைக்க இயலுமோ, அவரே நம் சுற்றத்தார்.

அச்சுற்றத்தின் எல்லையை யார் வகுப்பது? சேரன்மாதேவி குருகுலத்தில் ஒன்றாகப் பயின்ற மாணவருள் சிலருக்குச் சாதி நோக்கித் தனியே உணவிட்டனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் அது தமிழக அரசியலையே உலுக்கிய பிணக்காயிற்று. ஒரே பாடம் படித்தும் ஒரே பந்தி வாய்க்காதபோது, கல்வியாலும் அவர்களை ஒன்றாக்க இயலவில்லை.

அன்பர்களே, பத்தாண்டுகளாக நாம் ஒரே மேடையில் கவிதை படித்திருக்கிறோம். நம்மில் எத்தனை பேர் மற்றவர் வீட்டு அடுக்களையை அறிவோம்? வெளியூர்க் கவிஞர் வந்தால் விடுதியில் அறை எடுத்து, உணவகத்துச் சாப்பாட்டை வரவழைத்துக் கடமையை முடித்துவிடுகிறோம். அவர் கவிதையை அறிந்தோம், அவரை அறிந்தோமா?

எனவே ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு முதல், வரும் கவிஞரை நம்மில் ஒருவர் தம் இல்லத்திற்கு அழைத்துச் செல்வோம். அன்று உலையில் எது கொதிக்கிறதோ அதுவே போதும், தனிச்சமையல் வேண்டாம். சமைத்தவரும் உடன் அமர்ந்து உண்ணட்டும். இன்ன சாதியார், இன்ன ஊரார் என்று பாராது அந்தக் கதவு திறக்கட்டும். அவ்வாறு சேர்ந்து உண்டவர்களாய் அடுத்த விழாவில் நாம் கூடுவோமாக.