மேயோ குடியானவர்கள் தந்த சொல்



தேர்தலானாலும் சினிமாவானாலும் நாம் சட்டென்று சொல்லும் 'பாய்காட்' ஒரு மனிதரின் பெயர். கேப்டன் சார்லஸ் பாய்காட். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர்.

1879-இல் அங்கே விளைச்சல் பொய்த்தது. குத்தகையில் கால் பங்கைக் குறைக்கச் சொன்னார்கள் குடியானவர்கள். பிரபு பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கவில்லை. 1880 செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. கொண்டுவந்தவரை விரட்டியவர்கள் யார்? அந்த ஊர்ப் பெண்கள்!

சில நாள் முன்புதான் என்னிஸ் நகரில் அயர்லாந்துக் குடியானவர்களின் தலைவர் பார்னெல் பேசியிருந்தார். ஒருவரை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கேட்டார். கொன்றுவிடலாம் என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. வேண்டாம், வழியிலும் கடையிலும் தேவாலயத்திலும் அவனைத் தனியே விட்டுவிடுங்கள் என்றார். அதையே மேயோ மக்கள் காரியஸ்தர் மீது செய்தார்கள். வேலையாட்கள் விலகினார்கள். கொல்லர் வரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை, கடையில் சாமான் கிடைக்கவில்லை. விளைந்தது வயலிலேயே நின்றது. அதை எடுக்க வடக்கேயிருந்து 50 பேர் வந்தார்கள்; அவர்களுக்குக் காவலாக ஆயிரம் பேர் அளவுக்குச் சிப்பாய்களும் போலீஸாரும்! சுமார் 500 பவுண்டு விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவு என்று கணக்குச் சொன்னார்கள்.

இதற்கு ஒரு பெயர் வேண்டுமே? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத்தும் பங்குத்தந்தை ஜான் ஓமாலியும் யோசிக்கிறார்கள். கிரேக்க வழி வந்த படித்தவர்களின் சொல் ஒன்று இருந்தது. குடியானவர்களுக்கு அது விளங்காது என்று தள்ளிவிட்டு, 'பாய்காட் செய்வது' என்றே சொல்லலாம் என்றார் பாதிரியார். யார் வாயில் வழங்கப் போகிற சொல் என்று அறிந்திருந்த அந்த மனிதரை நான் வணங்குகிறேன்.

நம் ஊர்விலக்கும் இதுவும் ஒன்றுதான் என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். வலுத்தவர்கள் கூடி எளியவருக்குத் தண்ணீரையும் தெருவையும் மறுப்பது ஊர்விலக்கு, அது கொடுமை. மேயோ குடியானவர்களிடம் மறுப்பதற்கு இருந்தவை உழைப்பும் பேச்சும்தான்.

பாய்காட் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வாடகைக்கு ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. ராணுவ வண்டியில்தான் போனார். டிசம்பர் 1 அன்று அயர்லாந்தைவிட்டே கப்பலேறினார். மறு ஆண்டு, 1881-இல், பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு நிலச் சட்டம் கொண்டுவந்தது. நியாயமான குத்தகை எவ்வளவு என்று தீர்மானிக்கும்படி ஒரு குடியானவர் நீதிமன்றத்தில் கேட்க முடிந்தது.