ஆடுகளம் இருக்கிறது, ஆடுவோர் எங்கே?

(உடன்குடி வட்டார இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



உடன்குடி என்றதும் நாட்டார் நாவில் ஊறுவது கருப்பட்டியின் இனிப்பு. அந்த இனிப்புக்குப் பின்னே, காலையும் மாலையும் பனையேறிப் பதநீர் இறக்கியவனின் வியர்வை இருக்கிறது. பனையைத் தழுவிய அதே கைகள்தாம் ஓய்ந்த வேளையில் தேரி மணலில் கோடு கிழித்துக் கபடி ஆடின. உழைப்பே அவனுக்கு உடற்பயிற்சிக் கூடமாக இருந்தது.

இன்று என்ன நிலை? கபடிக்குக் களத்தில் எழுவர் வேண்டும். மாற்று ஆட்களையும் சேர்த்தால் பன்னிருவர். நம் சிற்றூர்களில் ஒரு மாலைப்பொழுதில் பன்னிரண்டு காளையரைத் திரட்ட முடிகிறதா? பொங்கலுக்கு வருகிறார்கள், கோயில் கொடைக்கு வருகிறார்கள், குலசைத் தசராவுக்கு வருகிறார்கள், ஆடுகிறார்கள், மூன்றாம் நாள் பேருந்தேறி மறைகிறார்கள். பயிற்சி இல்லாத ஆட்டம் திருவிழா ஆகலாம், அணி ஆகுமா?

கணக்கைப் பாருங்கள். 1991-இல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம். 2001-இல் 3 கோடியே 49 இலட்சம். பல ஊர்கள் நகரக் கணக்கில் சேர்ந்ததும் இதற்கொரு காரணம். 2011-இல் தொகை 3 கோடியே 72 இலட்சமாக ஏறியது. "பிறகென்ன கவலை?" என்று கேட்பார் உண்டு. கணக்கெடுப்பு தலைகளை எண்ணுகிறது, தோழர்களே, கால்களை எண்ணுவதில்லை! பாட்டனும் ஒரு தலை, பேரனும் ஒரு தலை. இடையில் நிற்கவேண்டிய இளைஞனோ சென்னை மளிகைக் கடையில் நிற்கிறான். திருப்பூரில் தையற்பொறி ஓட்டுகிறான். வளைகுடாவில் வெயிலில் வாடுகிறான். பின்னே வரும் வரிசையும் மெலிகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு சராசரி 1.8.

அவன் போனது குற்றமா? இல்லை. 1961-க்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு இல்லை. பனைத்தொழிலோ ஏறுவோரின்றித் தளர்கிறது. பிழைப்பு போன வழியே பிள்ளையும் போனான்.

அரசு வாளாவிருக்கவில்லை. 2024-இல் 12,525 ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டம் தொடங்கியது, வரவேற்போம். ஆனால் பந்து வந்தால் போதுமா? பந்தை எடுக்கக் கை வேண்டாமா?

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தில் 1884-இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் ஊர்தோறும் கழகம் கண்டது. அங்கே ஆள் குறைந்த சிற்றூர்கள் அண்டை ஊரோடு கைகோத்து ஓரணியாய் ஆடுகின்றன. ஜப்பானில் பேஸ்பாலுக்கு ஒன்பதுபேர் கிடைக்காத பள்ளிகள் ஒன்றுகூடி ஓரணி அமைக்கின்றன.

நாமும் அப்படிச் செய்யலாமே என்கிறீர்கள். இங்கேதான் நெஞ்சைத் தொட்டுப் பேசவேண்டும். அயர்லாந்துக்காரன் ஊர் எல்லையைத் தாண்டினால் போதும். நாம் தாண்டவேண்டியது சாதி எல்லை! தெருவுக்கொரு அணி, அணிக்கொரு சாதி என்றிருந்த காலத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பிரிந்து நின்று ஆட முடிந்தது. இன்று இந்தத் தெருவில் நால்வர், அந்தத் தெருவில் மூவர். சேர்ந்தால் எழுவர், பிரிந்தால் வெறுங்களம்! இதே மாவட்டத்து மணத்தி கணேசன், 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் பொன் வென்ற இந்தியக் கபடி அணியில் நின்றவர். 1995-இன் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் பாடிச் சென்றபோது எதிரணி பார்த்தது அவர் காலின் வேகத்தையா, குலத்தின் பெயரையா?

ஆகவே மூன்று வேண்டுகோள். தெருக்கள் சேர்ந்து ஓரணி காணுங்கள். ஊரிலேயே இருக்கும் பெண் பிள்ளைகளுக்குக் களத்தைத் திறந்துவிடுங்கள். ஆளில்லை என்று புலம்பும் ஊர், பாதி ஆளை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறது! மூன்றாவது, அரசுக்கு: உடன்குடியில் அனல்மின் நிலையம், குலசேகரன்பட்டினத்தில் 2024-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஏவுதளம். நிலம் இந்த மண்ணுடையது. வேலையும் இந்த மண்ணின் பிள்ளைக்கு முறையாகக் கிடைக்கட்டும். பகலில் இங்கே உழைப்பவனே மாலையில் இங்கே ஆடுவான்.

விண்ணுக்கு ஏவுகணை எழும் ஊரில், மண்ணில் கபடிக்கு எழுவர் இல்லை என்ற சொல் பிறக்க விடலாமா? விடோம் என்று, முதலில் பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சொல்லுங்கள்.